குரல் மட்டும்

வடபழனி, சென்னை
4.8.2024

அன்புள்ள அக்கா,

நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மாமாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று மறைக்காமல் எழுது.

உனக்குக் காது கேட்காமல் போனதிலிருந்து நான் கடிதம் எழுதியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாமாவின் போனில் முகம் காட்டுவேன், நீ என் உதட்டைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்வாய். இப்போது என் போனில் கேமரா உடைந்துவிட்டது. சரிசெய்யக் கொஞ்ச நாளாகும் என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் மாமா வயலிலேயே படித்துவிட்டு உன்னிடம் சொல்ல மறந்துவிடுகிறார். அதனால் தபால்தான். நீயும் எழுது. உன் கையெழுத்து என்னுடையதைவிட எப்போதும் நன்றாக இருக்கும்.

இங்கே வேலை வழக்கம்போல. காலையில் வெளியே போய் நேரலை, மாலை ஆறரைக்கு ஸ்டுடியோவில் செய்தி வாசிப்பு. இந்த வேலைக்கு வந்து பத்தொன்பது வருடம் முடிந்துவிட்டது.

இன்னொன்று. இடது காதுக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடி இல்லாமல் வழவழவென்று இருக்கிறது. மேக்கப் போடுகிற பெண் கண்டுபிடித்தாள். டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார். பயப்பட ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை,
தையல்நாயகி

---

குடவாசல்
11.8.2024

அன்புத் தங்கை தையலுக்கு அக்கா எழுதுவது.

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரர் வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. என் பேரிலேயே பாதியை வைத்திருக்கிற பக்கத்து வீட்டு அம்சம் வாங்கி வைத்திருந்தாள். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாமாவுக்குச் சர்க்கரை இருநூற்றுப் பத்து. கேட்டால் மீட்டர் பழுது என்கிறார். உனக்குக் கேமரா பழுது, அவருக்கு மீட்டர் பழுது.

நீ சொல்வதற்குப் பெயர் புழுவெட்டு. புழு எதுவும் இருக்காது, பேர்தான் அப்படி. சின்ன வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கி, எரிகிற வரைக்கும் தேய். மாமாவிடம் சொன்னேன். “மெட்ராஸ்ல வெங்காயம் விக்கிற வெலைக்கு மொட்டையே போட்டுக்கலாம்னு எழுது” என்றார். எழுதிவிட்டேன்.

ஆறரைச் செய்தியை ஒரு நாள்கூட விடுவதில்லை. நீ வாசிப்பதில் முக்கால்வாசி புரிந்துவிடும். ஊர்ப் பெயர்கள்தான் தவறும். புதன்கிழமையிலிருந்து உன் வகிடு வலது பக்கம் மாறியிருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

சம்பாவுக்கு நாற்றங்கால் தயார் செய்கிறோம். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
அம்சவல்லி

---

வடபழனி
29.8.2024

அன்புள்ள அக்கா,

சுகம். நீயும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வெங்காயம் தேய்த்தேன். ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அலுவலகம் போனேன். அப்படியும் செய்தி வாசிக்கப் புதிதாக வந்திருக்கிற சின்னப் பெண் ஆர்த்தி மேக்கப் அறைக்குள் வந்து மூக்கை உறிஞ்சி, “யாரு பிரியாணி ஆர்டர் பண்ணுனது?” என்று கேட்டாள். நானும் சேர்ந்து தேடினேன்.

காசு அளவு இருந்தது மூடி வருகிறது. வகிடு மாற்றியது மேக்கப் பெண்ணின் விருப்பம். கேமரா இன்னும் சரியாகவில்லை.

நாற்று எப்படி வருகிறது?

தையல்

---

(இந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை)

வடபழனி
22.9.2024

அக்கா,

போனில் கேமரா உடையவில்லை. எனக்கு முடி போய்விட்டது.

ஒரு காசு, ஆகஸ்ட் பத்தாம் தேதி வாக்கில் ஏழு காசாயிற்று. இருபதாம் தேதி காலையில் தலையணை உறையைக் குப்பைத் தொட்டியில் உதறினேன். மாதக் கடைசியில் பின்கழுத்தில் ஒரு கற்றை மிஞ்சியிருந்தது, அதை நானே கத்தரித்துவிட்டேன். புருவமும் போய்விட்டது. தினமும் பென்சிலால் வரைகிறேன். டாக்டர் நேர்மையானவர். திரும்ப வரலாம், வராமலும் போகலாம், உயிருக்கு ஒன்றும் இல்லை, தொற்றாது என்றார்.

பிறகு விக். ஸ்டுடியோவில் சமாளித்தேன். விளக்குச் சூட்டில் வேர்வை காதோரம் இறங்கும், அவ்வளவுதான். செப்டம்பர் மூன்றாம் தேதி மதியம் எண்ணூரில் மீனவர் போராட்டம், நேரலை. கடல் காற்றில் முன்பக்க ஒட்டு விட்டுப்போய் எழும்பிவிட்டது. இடது கையால் அழுத்திக்கொண்டே நாற்பது விநாடி பேசி முடித்தேன். ஒரு தகவலும் தப்பாகச் சொல்லவில்லை. பின்னால் நின்ற ஒருவன், “அக்கா, டோப்பா பறக்குது!” என்று கத்தினான். மைக்கில் அதுவும் வந்துவிட்டது. அந்தப் பதினோரு விநாடியை மட்டும் வெட்டி ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறார்கள்.

ஐந்தாம் தேதி செய்தி ஆசிரியர் பஞ்சநாதன் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். வேலைக்கு ஒண்ணும் ஆகாது. கொஞ்ச நாளைக்கு வாய்ஸ் மட்டும் குடுங்க. உங்க வாய்ஸ்தானே நம்ம சேனலுக்கே அடையாளம்” என்றார்.

அதனால் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து, படங்களுக்குப் பின்னால் பேசுகிறேன். பார்க்கிறவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, என் குரல் எல்லார் வீட்டிலும் கேட்கிறது. உன் வீட்டில் மாமாவுக்குக்கூடக் கேட்கும். இந்த ஏற்பாட்டில் என்னை முழுதாக இழந்தவள் நீ ஒருத்திதான். உனக்கு நான் என்றால் முகம்தான். அந்த முகத்தை இப்படிக் காட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆறரை மணிக்கு நீ டிவி முன்னால் உட்காருவாய் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு

---

வடபழனி
22.9.2024

அன்புள்ள அக்கா,

சுகம். உன் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன்.

வேலை கூடியிருக்கிறது. தினமும் செய்தியில் இருக்கிறேன். தீபாவளிக்கு வரப் பார்க்கிறேன், விடுமுறை கிடைப்பது கஷ்டம்.

நடவு முடிந்ததா?

தையல்

---

குடவாசல்
6.10.2024

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

தைலம் வந்தது. தேய்த்தால் சூடாக இருக்கிறது, வலி அதன் இடத்தில் இருக்கிறது. மாமாவுக்கு இருநூறு. சோழசூடாமணி ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. நடவு முடிந்துவிட்டது. வடக்குப் பங்கில் இரண்டு இடத்தில் நாற்று பிடிக்கவில்லை, வேறு நாற்று வைத்தோம்.

தினமும் செய்தியில் இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். செப்டம்பர் நாலாம் தேதி பார்த்தேன். பச்சைப் புடவை. அதற்குப் பிறகு இன்றோடு முப்பத்திரண்டு நாள். உன் இடத்தில் அந்தச் சின்னப் பெண் வருகிறது. நல்ல பெண்தான், ஆனால் உதட்டைத் திறக்காமல் பேசுகிறது. எனக்கு ஒன்றும் புரிவதில்லை.

முதல் வாரம் நான் வேறு சேனல் வைத்திருக்கிறேனோ என்று மாமாவைக் கேட்டேன். அவர் டிவியைக் காட்டி, “பேசுதே, உன் தங்கச்சிதான் பேசுது” என்றார். வயலையும் லாரியையும் காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கே என்றேன். காதைத் தொட்டுக் காட்டினார்.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். ஆறரைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். உன் குரல் வந்ததும் என் கை மேல் விரலால் தட்டுவார். நீ முடித்ததும் விரலை எடுத்துவிடுவார். நேற்று மூன்று முறை தட்டினார். அதில் ஒன்று நீளமாக இருந்தது.

மழைக்கு முன் ஒரு நல்ல குடை வாங்கிக்கொள்.

அக்கா,
அம்சவல்லி

---

குடவாசல்
10.11.2024

அன்புத் தங்கைக்கு,

போன மாதம் எழுதியதற்குப் பதில் இல்லை. தபாலில் தவறியிருக்கும்.

தீபாவளிக்கு வருவாய் என்று அதிரசம் போட்டேன். மாமா தின்னக்கூடாது. எனக்கும் இறங்கவில்லை. அம்சம் வீட்டுக்குக் கொடுத்தேன். ஐந்து நாளாக மழை விட்டுவிட்டுப் பெய்கிறது.

உனக்கு உடம்புக்கு என்ன? இந்த ஒன்றைத்தான் கேட்கிறேன். எழுதப் பிடிக்கவில்லை என்றால், சுகம் என்று மட்டுமாவது எழுதிப் போடு. அதைக்கூட மாமாவின் போனில் அனுப்பாதே. உன் எழுத்தில் வரவேண்டும்.

அக்கா

---

வடபழனி
8.12.2024

அன்புள்ள அக்கா,

சுகம். என் எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

இப்போது உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். ஆகஸ்டில் சொன்ன புழுவெட்டு மூடவில்லை. தலை முழுக்கப் போய்விட்டது, புருவமும். விக் வைத்தேன், ஒரு நேரலையில் எல்லாரும் பார்க்க நழுவிவிட்டது. அதனால்தான் செப்டம்பரிலிருந்து குரல் மட்டும். போன் கேமரா நன்றாகவே இருக்கிறது. உன்னிடம் நான்கு மாதம் பொய் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நவம்பர் கடைசியில் மழையில் பயிர் மூழ்கியதைப் படமெடுக்க வந்தோம், நானும் கேமராமேன் பரிதியும். இரண்டு நாள் திருவாரூரில் தங்கி, கூத்தாநல்லூர் வரைக்கும் வந்தேன். அங்கிருந்து நம் வீடு இருபது கிலோமீட்டர் இருக்கும். வரவில்லை.

முதல் நாளே விக் நனைந்து உபயோகமில்லாமல் போனது. இரண்டாம் நாள் வெறுந்தலையோடு வரப்பில் நின்றேன். யாரும் என்னை முறைத்துப் பார்க்கவில்லை. கூத்தாநல்லூரில் டீக்கடை பாய், “வைத்தீஸ்வரன்கோயிலா, வேளாங்கண்ணியாம்மா?” என்றார். வயலில் ஒரு அம்மா, “எந்தக் கோயில்ல எறக்குன? சந்தனம் பூசலியா? சளி புடிச்சுக்கும்டி” என்று தன் முந்தானையால் என் தலையைத் துடைத்துவிட்டாள். நான், “வைத்தீஸ்வரன்கோயில்” என்றேன். தானாக வாயில் வந்துவிட்டது. சென்னையில் மூன்று மாதமாக லிஃப்டில்கூடத் தலை குனிந்து போகிறேன். அங்கே ஒரு வார்த்தை சொன்னதும் எல்லாம் சரியாகிவிட்டது. கூட நின்ற இன்னொரு பெண் மட்டும் என் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தைப் பார்த்ததும் பஞ்சநாதனுக்கு யோசனை வந்துவிட்டது. “ஜனங்களே நேர்த்திக்கடன்னு நெனைக்கிறாங்க பாருங்க மேடம். அப்படியே விட்டுருவோம். நெத்தியில விபூதி, தலையில சந்தனம். கீழ ஒரு வரி போடுவோம், நேர்த்திக்கடன் செலுத்திய நமது செய்தியாளர்னு. மூணு மாசம் ஓடும்.”

“அதுக்கப்புறம் சார்?”

“அதுக்கப்புறம் வேற கோயில்.”

சரி என்றால் பொங்கல் வாரத்திலிருந்து திரையில் வரலாம், நீ என்னைப் பார்க்கலாம். இல்லை என்றால் குரல் மட்டும், எவ்வளவு காலம் என்று தெரியாது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொல்லிவிடத்தான் தோன்றுகிறது.

உன் முழங்காலுக்கு அந்தத் தைலம் போதவில்லை என்றால் டாக்டரிடம் போ.

தையல்

---

குடவாசல்
15.12.2024

தையலுக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் சுகம். தெற்குப் பங்கு அழுகிவிட்டது, வடக்கு தேறிவிடும்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். முடி போனதைப் படித்ததும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இருபது கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன். கூத்தாநல்லூரிலிருந்து நம் ஊருக்குப் பஸ் இருக்கிறது. யாரோ ஒருத்தி முந்தானையில் உன் தலையைத் துடைத்திருக்கிறாள்.

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். காது போன புதிதில் நான் யாரிடமும் சொல்லவில்லை. பேசினால் தலையாட்டுவேன், சிரிப்பேன். எல்லாரும் புரிந்துகொண்டதாக நினைப்பார்கள். சுலபமாக இருந்தது. இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன். ஒரு நாள் கும்பகோணம் பஸ்ஸில் சந்திரலேகாவைப் பார்த்தேன். என்னோடு பத்தாவது வரை படித்தவள், திருப்பனந்தாள் பக்கம் வாக்கப்பட்டவள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினாள். நான் சிரித்துக்கொண்டே, “நல்லது, நல்லது” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் மகன் செத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்ததாம். நாலு நாள் கழித்து மாமா சொல்லித்தான் தெரியும். அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே விடவில்லை. அதிலிருந்து யார் பேச வந்தாலும் முதலில் காதைத் தொட்டுக் காட்டிவிடுகிறேன்.

உன்னை இப்படிச் செய், அப்படிச் செய் என்று எழுத எனக்கு வரவில்லை. எனக்கு உன்னை டிவியில் பார்க்க வேண்டும். அந்த ஆசையை வைத்துக்கொண்டு நான் எதை எழுதினாலும் சரியாக இருக்காது.

காணும் பொங்கலுக்கு வா. எப்படி இருக்கிறாயோ அப்படியே வா.

அக்கா,
அம்சவல்லி

---

வடபழனி
5.1.2025

அன்புள்ள அக்கா,

நான் சுகம். மாமாவின் சர்க்கரையை நீ இரண்டு கடிதமாக எழுதவில்லை. எழுது.

பஞ்சநாதனிடம் பேசிவிட்டேன். சந்தனமும் வேண்டாம், அந்த வரியும் வேண்டாம், வெறுந்தலையோடு வருகிறேன் என்றேன்.

“ஜனங்க கேப்பாங்களே மேடம்.”

“கேட்டா புழுவெட்டுன்னு சொல்லுங்க. தமிழ்லயே பேர் இருக்கு.”

“குடும்பத்தோட பாக்குற சேனல்.”

“குடும்பத்துக்குள்ளதான் சார் இதெல்லாம் வருது.”

ரொம்ப நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில் ஒரு வழி சொன்னார். பதினொன்றாம் தேதி சனிக்கிழமை, காலை ஆறரை நேரலை, கோயம்பேட்டில் கரும்பும் மஞ்சளும் வந்து இறங்குவதைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்துக்குப் பார்க்கிறவர்கள் குறைவு. ஒன்றரை நிமிடம். “ஒரே ஒரு தடவை பாப்போம் மேடம். மேல என்னைக் கேக்காதீங்க.”

இது வெற்றி என்று நான் நினைக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒன்றரை நிமிட நேரலைக்கு இப்படி ஒத்திகை பார்த்ததும் இல்லை. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று கரும்புக் கட்டு விலையைச் சொல்லிப் பார்க்கிறேன். விலையைச் சொல்ல வாய் வருகிறது. கண்ணாடியைப் பார்க்கத்தான் வரமாட்டேன் என்கிறது.

சனிக்கிழமை டிவியைக் கொஞ்சம் முன்னாலேயே போடு. ஊர்ப் பெயர்களை மெதுவாகச் சொல்கிறேன். காணும் பொங்கலன்று கட்டாயம் வருவேன்.

தையல்

---

குடவாசல்
13.1.2025

அன்புத் தங்கை தையலுக்கு அக்கா எழுதுவது.

மாமாவுக்கு நூற்றெழுபது. முழங்கால் நேற்றிலிருந்து வலிக்கிறது. இது உன் கைக்கு வருவதற்குள் நீயே இங்கே வந்துவிடுவாய். நேரில் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதிப் போடுகிறேன்.

ஐந்தரைக்கே டிவியைப் போட்டுவிட்டோம். மாமா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நீ வந்தபோது பழக்கதோஷத்தில் என் கையைத் தட்டினார். தட்டாதீங்க, தெரியுது என்றேன்.

உன் தலை இடது பக்கம் கொஞ்சம் சப்பை. இத்தனை நாள் முடி மறைத்திருந்தது. கண் பெரிதாகத் தெரிகிறது. இளைத்திருக்கிறாய். பண்ருட்டி, கடலூர், சிதம்பரம் எல்லாம் புரிந்தது. மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று சொன்னது மட்டும் புரியவில்லை. அந்த நேரத்தில் ஒரு ஆள் கட்டைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போய்விட்டான்.

அம்சம் பின்பக்கமாக ஓடிவந்தாள். எந்தக் கோயில் என்று கேட்டாள். கோயில் இல்லை, புழுவெட்டு என்றேன். அவள் கொஞ்சம் தள்ளி நின்று, “அது தொத்துமாக்கா?” என்றாள். டிவி வழியாகத் தொத்தாது என்றேன். உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனாள். ஆனாலும் தெருவில் போய் கோயில் என்றுதான் சொல்லியிருக்கிறாள். நேற்றுக் கடையில் இரண்டு பேர் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கும் பார்த்தேன், நேற்றும் பார்த்தேன். அந்தச் சின்னப் பெண்தான் வந்தது. நேற்று மாமா என் கையை இரண்டு முறை தட்டினார். இனிமேல் எப்போது வருவாய் என்று நான் கேட்கப் போவதில்லை. உனக்கும் தெரியாது என்று தெரிகிறது.

ஒன்றுதான் பாக்கி. சனிக்கிழமை உன் பெயரையும் சேனல் பெயரையும் சொல்லி முடித்தாயே, அதற்குப் பிறகும் மூன்று விநாடி உன் முகம் திரையில் இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து, கேமராவுக்குப் பின்னால் நிற்கிற பையனிடம் நீ ஏதோ சொன்னாய். மாமாவைக் கேட்டேன். “சத்தமே வரலியே, மைக்கை நிறுத்திட்டாங்க போலருக்கு” என்றார். அம்சத்துக்கும் கேட்கவில்லை. நாட்டில் யாருக்கும் கேட்டிருக்காது.

“தலை குளிருது பரிதி” என்றாய்.

எனக்குக் கேட்டது.

அக்கா,
அம்சவல்லி